முதலிடத்து நாற்காலி

எங்கள் சி பிளாக் வாசலில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், நார்வே நாட்டுப் பனிச்சறுக்கு சாம்பியன் தோர்ஸ்டைன் உட்கார்ந்திருக்கிறார். மொட்டை மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகச் சறுக்கி வந்து முதலிடம் பிடித்தவர். முதலிடத்தில் இருப்பவர் கீழே நாற்காலியில் உட்கார வேண்டும். அவரைவிட வேகமாக ஒருவர் வந்தால் எழுந்துகொள்ளலாம். அந்த விளையாட்டின் வழக்கம் அப்படி.

யாரும் வரவில்லை. அவர் உட்கார்ந்தபோது நட்ட முருங்கை இப்போது காய்க்கிறது.

பனி எங்கள் படிக்கட்டிலும் வாசலிலும் மட்டும்தான் பெய்கிறது. பி பிளாக்காரர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல்.

நான் தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் அவர் முதுகு. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலை அங்கே வைத்துக் கட்டினால் நான் என்ன செய்வது.

"கல்யாணம் ஆச்சா தம்பி?"

"சீசன் முடியட்டும்னு இருந்தேன் அக்கா." படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஜெயித்தவர்களுக்கு எல்லாம் வரும்.

"முடிஞ்சுதா?"

"எனக்காகக் காத்திருந்தவளுக்கு முடிஞ்சுது. ரெண்டு பிள்ளைங்க."

மடியில் ஒரு கண்ணாடி உருண்டை. வருடம் முழுக்க ஜெயித்ததற்குக் கொடுத்ததாம். அதில் தண்ணீர் பிடிக்குமா என்று கேட்டேன். பிடிக்காது என்றார். எதற்கும் ஆகாத சாமானை இப்படித் துடைக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. என் வீட்டில் பன்னிரண்டு பேர் சாப்பிடும் பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. தினமும் துடைக்கிறேன். அது வேறு.

ஊரில் அவர் அம்மா தனியாக இருக்கிறார். அங்கே மத்தியானமே இருட்டிவிடுமாம். விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"நீங்க ஒரு தடவை இறங்கிப் பாருங்களேன் அக்கா. யாராவது தோக்கடிச்சாதான் நான் வீட்டுக்குப் போக முடியும்."

"எனக்கு முட்டி வலி."

"எனக்கும்தான்."

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பலவேசம்தான் நேரம் குறிப்பவர். என் வீட்டுக் கதவு எண்ணைக் கழற்றி என் முதுகில் கட்டினார்.

"சீக்கிரம் ஏறுங்க. அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

"வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல. அதான் சொல்றேன்."

ஏறினேன். படிக்கட்டு நீண்டுகொண்டே போனது. மூன்றாம் மாடியில் நடக்கும்போதே பசித்து, சாப்பிட்டு, மறுபடி பசித்தது. கொடிக்கயிறுகளில் சிவப்பும் நீலமுமாகக் கொடிகள் தொங்கின. இறங்கும்போது ஒன்றைச் சுற்றாமல் விட்டாலும் ஆட்டம் செல்லாது.

மொட்டை மாடியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பலகைகளில் காலை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மூன்றாம் மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை. நான் நிற்கவில்லை. இரண்டாம் மாடியில் என் பெயர் அடிபட்டது. அதற்கும் நிற்கவில்லை. வாழ்க்கையில் இப்படி நான் போனதே இல்லை.

கடைசித் திருப்பத்தில் பலவேசம் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். தோர்ஸ்டைன் பாதி எழுந்துவிட்டார். உருண்டை அக்குளில். அவருக்குப் பின்னால் என் ஜன்னல் திறந்திருந்தது. அதை நான் வெளியிலிருந்து பார்த்ததில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. மேசையில் பன்னிரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

கடைசிப் படியில் நின்றேன்.

"அக்கா, இன்னும் ஒரு படி."

"வர்றேன். டீ குடிச்சியா தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார்.

"குடிக்கல."

"சக்கரை கம்மியாத்தானே?"

"கம்மியா." உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு இறங்கினேன்.

"ரெண்டாவது இடம்," என்றார் பலவேசம். இரண்டாவது இடத்துக்கு நாற்காலி கிடையாது.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படிக்கட்டுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டினேன். உருண்டையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.