ஓட்டைக்குள் இருந்த ரத்தம்

என் அண்ணனை நாலு பேர் முன்னால் மூக்கறுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கறுவிக்கொண்டிருந்தேன். சும்மா ஒன்றும் இல்லை. ‘ரத்தம்’ என்ற சொல்லின் ஆதிவேரைப் பற்றி நான் மாடாய் உழைத்து எழுதிய அத்தியாயத்தை, எழுத்துப்பிழை மட்டும் திருத்தித் தன் பெயரில் ஒரு புத்தகத்தில் அச்சிட்டுவிட்டான். கேட்டால், "நம்ம வீட்டுக்குள்ளதானே, யார் பேர்ல வந்தா என்ன?" என்றான். புகார் கொடுக்கலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் அவன் கணினியில்தான் தட்டியிருந்தேன். யார் நம்புவார்கள்?

எழுத்தே இல்லாத காலத்தில் பேசப்பட்ட ஒரு மூலமொழி. அதன் கிளைமொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய சொல் எப்படி இருந்திருக்கும் என்று கட்டியெழுப்புவதுதான் எங்கள் மொழியியல் துறையின் பிழைப்பு. கட்டிய சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். இது ஊகம், யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த ஆதிமக்களிடம் ரத்தத்துக்கு இரண்டு சொற்கள் இருந்தன என்பார்கள். உடம்புக்குள் ஓடுவதற்கு ஒன்று. சமஸ்கிருதத்தின் அஸ்ருக், ஹிட்டைட் என்ற பழைய மொழியின் எஷ்ஹர் எல்லாம் அதன் பிள்ளைகள். வெளியே சிந்தியதற்கு இன்னொன்று. குரூரம் என்கிறோமே, அது இந்த வேரில் முளைத்ததுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அன்று துறை அரங்கில் அண்ணன் அதே அத்தியாயத்தைப் பேசினான். பேச்சு எடுபட்டால், துறை கொண்டுவரும் வேர்ச்சொல் பேரகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர் பதவி அவனுக்கு. அப்புறம் அந்த உழைப்பு என்னுடையது என்று ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது.

அவனுக்குத் தெரியாத ஒரு சங்கதி எனக்குத் தெரியும். அத்தியாயத்தின் முக்கியச் சான்று, கிளைமொழி ஒன்றில் எழுதப்பட்ட ஒரு பழைய களிமண் பலகை. அதைப் படித்து வெளியிட்டவர், உடைந்துபோன இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று ஊகித்து, அடைப்புக்குறிக்குள் நிரப்பியிருந்தார். அவர் ஊகித்ததே எங்கள் நட்சத்திரச் சொல்லை வைத்துத்தான். நான் அவசரக்குடுக்கை, அடைப்புக்குறியைக் கவனிக்காமல், அதே சொல்லைத் திருப்பி எடுத்து அதற்கே ஆதாரமாக்கிவிட்டேன். அண்ணனின் புத்தகம் வந்த பிறகு பலகையின் படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு வந்தது. வாயே திறக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தேன்.

"ஒரு சந்தேகங்க. அந்தப் பலகைய நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"பாக்காம எழுதுவேனா?" என்று அண்ணன் சிரித்தான். "கையில வச்சே பாத்தேன். எழுத்து பளிச்சுனு இருக்கு."

கூட்டத்தை நடத்திய அவைத்தலைவியிடம் பலகையின் படத்தை முன்பே கொடுத்திருந்தேன். அவர் திரையில் போட்டார்.

"எந்த எழுத்துங்க? அந்த எடத்துல வெறும் ஓட்டைதானே இருக்கு?"

கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் இருந்த அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்னும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி மூன்று கேள்விகள் கைவசம் இருந்தன.

அதற்குள் அவன் என்னை நோக்கிக் கையை நீட்டினான். "இது நான் பண்ண தப்பு இல்ல. இவ எழுதினது! என் தங்கச்சி!"

அடப்பாவி! புகழ் வந்தபோது வராத தங்கச்சி, பழி வந்ததும் எப்படி வந்துவிட்டாள் பாருங்கள்.

அவைத்தலைவி கேட்டார்: "எது? இந்த ஒரு வரியா?"

தப்பித்தால் போதும் என்ற பதற்றத்தில் அண்ணன் உளறிக் கொட்டினான். "முழு அத்தியாயமும்ங்க! நான் ஒரு வரிகூட எழுதல!"

என்ன சொன்னோம் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"ஆமாங்க," என்றேன். "தப்பும் என்னுது. மிச்சமும் என்னுது."

அவைத்தலைவி பேனாவை எடுத்து, குறிப்பில் போடுவதற்கு என் பெயரைக் கேட்டார். அண்ணனும் நானும் எப்போதும் அப்பா பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவோம். அன்று அதை விட்டுவிட்டு, என் பெயரை மட்டும் அவன் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னேன்.