‘ம்’ பொத்தான்

அந்த விளையாட்டை ஆடி முடிக்க நாற்பது நிமிஷம் போதும். அதற்கு ‘உரைகாரர்’ என்று பெயர் வாங்கிய ஒருவர் எழுதிய விளக்கம் நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் முடிந்தபாடில்லை.

விளையாட்டின் பெயர் ‘ஏழு அறை’. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைத்தது. செய்தவர் பெயர் எங்கேயும் கிடையாது. ஒரு வீடு, ஏழு அறைகள், அவ்வளவுதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் யாரோ அப்போதுதான் எழுந்து போயிருப்பார். நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும், தம்ளரில் ஆவி பறக்கும். அடுத்த அறையிலிருந்து ஓர் ஆண் குரல் ‘வரேன்’ என்று சொல்லும். ஆடுகிறவருக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும், அடுத்த கதவு திறக்கும். ஏழாவது அறையில் வாசற்கதவு இருக்கிறது. அதன் முன்னால் இருட்டில் ஓர் உருவம் நின்று ‘வரேன்’ என்னும். ‘ம்’ அமுக்கினால் திரை அணைந்துவிடும். அமுக்காவிட்டால் அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும். ஒருவர் பதினோரு மணி நேரம் அமுக்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பசி தாங்காமல் அமுக்கினார்.

இதை வைத்துக்கொண்டு இணையத்தில் ஒரு குழுவில் முந்நூறு பேர் எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக்கெல்லாம் வேர் அந்த ஒரு சொல். நம் மொழியில் வருகிறவனும் ‘வரேன்’ என்பான், கிளம்புகிறவனும் ‘வரேன்’ என்பான். ‘போறேன்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆகவே குழு இரண்டாகப் பிரிந்தது. வருகிற கட்சிக்கு அந்த ஆள் கடவுள். போகிற கட்சிக்கு அவன் உடம்பை விட்டுக் கிளம்பும் உயிர். இரண்டு கட்சிக்கும் நடுவில் நாட்டாமை உரைகாரர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் கைதேர்ந்தவர். ‘ம்’முக்கு மட்டுமே தொண்ணூறு பக்கம் எழுதியிருந்தார். ‘ஓம்’ என்பதில் ஓ தொலைந்தால் மிச்சம் ம், ஆகவே இது தொடக்கம் தொலைந்து முடிவு மட்டும் மிஞ்சிய உலகம் என்பது அவர் கட்சி. கீழே ஒருவர், ‘ஆம்-ல ஆ போனாலும் ம்தானே சார்’ என்று கேட்டுவைத்தார். அதற்கும் பன்னிரண்டு பக்கம் வந்தது.

அந்தக் குழுவில் ஒருத்திக்குப் பெயர் ‘காது’. காது பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அவள் தாளில் புள்ளி வைப்பாள். பதினான்கு வருஷமாக இதே வேலை.

அவள் குழுவுக்குத் தந்தது ஒரே ஒரு கண்டுபிடிப்புதான், ஆனால் அதற்கே பெயர் நிலைத்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் குரலின் கூர்மை மழுங்கிப்போகும். அதை அளந்து பார்த்து, முதல் ஆறு ‘வரேன்’களும் முதுகு காட்டிச் சொன்னவை, ஏழாவது மட்டும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சொன்னது என்று எழுதினாள். ‘ம்’முக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, வாயை மூடிக்கொண்டு சொல்வதில் கூர்மையே கிடையாது, அது எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாலும் ஒன்றுதான் என்று கீழே ஒரு குறிப்பும் போட்டாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு அவல் கிடைத்தது. இரண்டு வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதை மட்டும் அவள் குழுவில் எழுதியதே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தோளில் பையோடு கிளம்பினான். ‘வரேன்’ என்றான். அவள் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த தாள்களில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அதோடு சரி. போலீஸ் தேடியது, சொந்தக்காரர்கள் தேடினார்கள், பிறகு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அம்மா மட்டும் இன்றுவரை பகலில் வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. உயிரோடு இருக்கிறானா என்று அவர்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே கிடையாது. அந்தக் கேள்வி வீட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

உரைகாரர் நிலையத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வலது காது மந்தமாகிவிட்டது என்று, குழுவில் அவளிடம் விலாசம் கேட்டுக்கொண்டு வந்தார். அதுவரை அவர்கள் நேரில் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை, எல்லாம் எழுத்தில்தான். ஆள் ஒல்லி, சட்டைப் பையில் மூன்று சிவப்புப் பேனா.

“நீங்கதான் காதா? நான் வயசான அம்மான்னு நெனச்சிருந்தேன்.”

“நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன் சார். நானூறு பக்கம்னா சும்மாவா?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கதவை மூடி ஹெட்போன் மாட்டிய பிறகும் அவர் வாய் ஓயவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஆறாவது அறையில் இருக்கும் தம்ளர் ஏன் எப்போதும் இடது கைப் பக்கமே இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசுவது அவளுக்கு ஸ்பீக்கரில் கேட்கும், அவள் பேசுவது மைக் வழியாக அவர் காதில் விழும். முந்தைய ஆளின் தாளை முடித்துவிடலாம் என்று அவள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டே, “ம்” என்றாள்.

பேச்சு நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். உரைகாரர் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

“இன்னொரு தரம் சொல்லுங்க.”

“என்னது சார்?”

“இப்போ சொன்னீங்களே.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“ம்-னு சொன்னீங்கம்மா.” அவர் குரல் தாழ்ந்தது. “எட்டு மாசமா ஒரு நாளைக்கு அம்பது தரம் கேக்கறேன். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். அந்தப் பொத்தான் நீங்க.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு மைக்கை அணைத்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், குரலும் அப்படித்தான். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால்தான் பதிவு செய்து கேட்டால் யாரோ மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் அவள். ஊரார் காதையெல்லாம் அளந்தவள், எட்டு மாதமாகத் தன்னையே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ‘வரேன்’ குரலைப் பிரித்தெடுத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். குரலை யாரோ வேண்டுமென்றே இழுத்துத் தாழ்த்தியிருந்தார்கள். சரியான வேகம் வந்ததும் அண்ணன் பேசினான்.

அவன் விளம்பரப் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிறவன். சட்டைப் பையில் சின்ன ரெக்கார்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் இருமினால்கூடப் பதிவாகிவிடும் என்று அம்மா திட்டுவாள். கடைசி ஆறு மாதம் அவன் எதையோ சொல்ல வந்து வந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பான். அவள் புள்ளி வைத்துக்கொண்டே ‘ம்’ என்பாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ‘சரி, வரேன்’ என்று திரும்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். வாசலில் மட்டும் திரும்பிப் பார்த்திருக்கிறான். அதை அவளே அளந்து, முந்நூறு பேருக்கு விளக்கி, பாராட்டும் வாங்கியிருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அவன் போய் மூன்று வருஷம். விளையாட்டு வெளியே வந்து எட்டு மாதம். அப்படியானால் எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து இதைச் செய்து முடித்திருக்கிறான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாட்டைத் திறந்தாள். ‘மைக்கைப் பயன்படுத்தலாமா?’ என்று அது எப்போதும்போல் கேட்டது. உரைகாரர் இதற்குப் பதினைந்து பக்கம் எழுதியிருக்கிறார். ஏழாவது அறையில் குழுவினர் மைக்கில் கேட்டுப்பார்க்காத கேள்வி இல்லை. நீ யார், நான் யார், ஏன் இந்த வீடு, காலம் என்பது என்ன. எதற்கும் அது அசைந்ததில்லை.

ஆறு கதவுகளையும் தன் குரலாலேயே திறந்துகொண்டு போனாள். இருட்டில் அந்த உருவம் நின்றது. “வரேன்” என்றது.

அவள் பொத்தானில் கை வைக்கவில்லை. அன்றைக்குத் தான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று யோசித்தாள். கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறாள். முந்நூறு பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான் போலிருக்கிறது. அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

“எங்கண்ணா போற?”

உருவம் பையைக் கீழே வைத்தது. வைத்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம். அதன்பின் மிகப் பக்கத்தில், தாழ்த்தப்படாத, அண்ணனுடைய சொந்தக் குரலில்:

“ம்.”

இப்படி ஒரு புரோகிராம் எழுதுவது பெரிய வித்தை இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேச்சு நிற்கிற இடம் பார்த்து ‘ம்’ போடச் சொன்னால் மெஷின் போடும். இருந்தாலும் பேசினாள். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமானதைச் சொன்னாள். ‘ம்.’ அவன் அறையைக் கூட்டிப் பெருக்குவதோடு சரி, எதையும் நகர்த்தவில்லை என்று சொன்னாள். ‘ம்.’

“அன்னைக்கு நீ திரும்பினப்போ நான் பாத்தேன்ணா. வேல அவசரத்துல பேசல, அவ்வளவுதான்.”

ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத ஓர் அமைதி ஹெட்போனுக்குள் நீண்டுகொண்டே போனது.

“பாக்கல” என்றாள். “நிமிரவே இல்ல.”

“ம்.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே மூன்று வருஷத்தையும் சொன்னாள். என்ன சொல்ல வந்து வந்து நின்றாய் என்று கேட்டாள். எங்கே இருக்கிறாய், வருவாயா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அதே ‘ம்’தான் வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் மிக மெல்லிதாக வேறொரு சத்தமும் கேட்டது. தாளில் பேனா முனை தொட்டுத் தொட்டு எழும் சத்தம். தன் மேசையைப் பார்த்தாள். அங்கே பேனா இல்லை.

தோளில் கை விழுந்தது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“அண்ணான்னு சொன்னியே. அவனா?”

தலையாட்டினாள்.

“என்னடி சொல்றான்?”

“ம்-ங்கிறான்மா. எது சொன்னாலும் ம்-ங்கிறான்.”

அம்மா கொஞ்ச நேரம் வாசற்கதவையே பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“கேட்டுக்கிட்டு சொல்ற ம்-மா? இல்ல, நீ சொல்லுவியே, அந்த ம்-மா?”

அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். ‘அண்ணா’ என்றாள். ‘ம்’ என்று வந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டாள், இன்னொரு தரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு சொல்லும் சத்தத்தில் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எந்தக் காதுக்கும் தெரியாது. அதை எழுதியவளே அவள்தான். அம்மா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.