மூக்குக்கு இரண்டு சொட்டு

அரப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கஜானி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு விறாந்தையில், தனுஷாவின் மடியில் உட்கார்ந்து நிலோஜன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். மகனின் முகத்தை அவள் பார்க்கவில்லை, நெஞ்சைத்தான் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. விலா எலும்பு உள்ளே இழுக்கவில்லை.

செத்த வீட்டில் இதென்ன பார்வை என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை, வீட்டில் படுத்ததைவிடப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரியில் படுத்ததுதான் கூட என்று வவுணதீவு முழுக்கத் தெரியும். காய்ச்சல், இருமல், வார்ட்டு, ஊசி, வீடு, மறுபடியும் காய்ச்சல். இந்த வியாழக்கிழமைதான் வார்ட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் பின்னேரம், தோணியைக் கரையில் கட்டிய கதிர்காமத்தம்பி மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவேயில்லை.

கஜானியின் தாயுடன் பிறந்தவர் அவர். தாய் தகப்பனை இழந்தவளைத் தன் பிள்ளையாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். புருஷன் கட்டாருக்குப் போனபின் அவள் மாமா வீட்டோடு இருந்துவிட்டாள். நிலோஜனை முழுக வார்ப்பதை மட்டும் மாமா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சனிக்கிழமை விடிந்தால் கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்திவிடுவார். ஆம்பிளைக்கு இதென்ன வேலை என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களிடமே வெந்நீர் எடுத்துவரச் சொல்லுவார்.

பிள்ளைக்கு ஏன் இப்படி என்பது கஜானியின் மண்டைக்குள் ஓயாத கேள்வி. பிள்ளைவார்ட்டு நிஸ்மியா டொக்டருக்கும் அதே கேள்விதான். குறைமாதமா, நிறை குறைவா, தாய்ப்பால் எவ்வளவு காலம், தடுப்பூசி தவறியதா, விறகடுப்பா என்று துருவித் துருவிக் கேட்டார். வீட்டில் புகைப்பவர் உண்டா என்ற கேள்வியில்தான் மாமா மாட்டுப்பட்டார். அன்றைக்கே பீடிக்கட்டை வாவியில் எறிந்தார், முப்பது வருடப் பழக்கத்தை. கேஸ் அடுப்பு வந்தது. பஞ்சுத் தலையணை போனது. பூனையை அக்கரைக்கு நாடு கடத்தினார்கள். அது திரும்பி வந்தது வேறு கதை. எதற்கும் பிள்ளையின் இருமல் மசியவில்லை.

போன கிழமை டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக் காட்டினார். "எப்பவும் இந்த வலப்பக்கம்தான் பாருங்க. உங்கட வீட்டில எனக்குத் தெரியாத ஒண்டு நடக்குது." பிறகு, மூக்கில், வாயில் ஏதும் விடுகிறீர்களா என்று கேட்டார்.

"நீங்க தாற மருந்தைத் தவிர ஒண்டும் இல்ல, டொக்டர்" என்றாள் கஜானி. அவள் பொய் சொல்லவில்லை.

இந்த ஒன்றரை வருடத்தில் பிள்ளை நன்றாக இருந்தது ஒரேயொரு மாதம். மாமா கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன ஆடி மாதம். முருகன்தான் காப்பாற்றினான் என்று வீடே நம்பியது. மாமா கொண்டுவந்த திருநீறு பிள்ளையின் நெற்றியில் காய்வதற்குள் மறுபடியும் வார்ட்டு.

"வாகா, அரப்பு வைக்க உன்ர முறை" என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

கொட்டகைக்குள் மாமாவை வாங்குப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். கஜானி எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தாள். அரப்பையும் வைத்தாள். கண்ணீர் மறைத்ததில் கிண்ணம் சரிந்தது. தலைமாட்டில் நின்ற அவர் பெண்சாதி அன்னப்பூரணி மாமி அதைப் பிடித்து, ஒரு சின்னப் போத்தலை அவள் கையில் வைத்தாள். மாமாவின் தேங்காயெண்ணெய்ப் போத்தல். கழுத்தளவு தண்ணீரில் வலை வைக்க இறங்குமுன் மூக்கில் விடுவார். தடிமன், சளி அண்டாமல் தன்னைக் காப்பது இதுதான் என்பார்.

"மூக்குக்கும் ரெண்டு சொட்டு விடு புள்ள. இண்டைக்குச் சனிக்கிழமை. அது விடாம அவருக்கு முழுக்கில்ல."

கஜானி விட்டாள். விட்டுவிட்டுக் காத்திருந்தாள், எதற்கென்று தெரியாமலே. உயிரோடு இருந்தபோது அவர் செருமுவார், காறித் துப்புவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். இப்போது எதுவும் இல்லை. எண்ணெய் வெளியே வரவில்லை. எங்கே போனது? அந்த நேரத்தில் அப்படியொரு கேள்வி வந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

உள்ளே போயிருந்தது.

நிலோஜனுக்குக் காறத் தெரியாது. மாமாவின் காலில் மல்லாந்து கிடந்து வாய் திறந்து அழும்போதுதான் அவன் மூக்கிலும் அந்த இரண்டு சொட்டு விழும். மாமா மூக்கில் ஊதுவார். எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்க, பிள்ளை கொஞ்சம் இருமும். சளி இளகுகிறது என்று மூவரும் சந்தோஷப்படுவார்கள். டொக்டர் கேட்டபோது இது அவள் நினைவுக்கே வரவில்லை; இது மருந்தல்ல, முழுக்கோடு சேர்ந்தது. ஞாயிறு போய்த் திங்கள் வந்தால் உடம்பு சுடும். நோய் கூடக் கூட மாமா சொட்டையும் கூட்டினார். கதிர்காமத்துக்குப் போன மாதம் முழுக்கும் இல்லை, எண்ணெயும் இல்லை. முருகனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

போத்தலை மூடாமலே அவள் நின்றுவிட்டாள். துக்கத்தில் நிற்கிறாள் என்று நினைத்து மாமி அணைத்துக்கொண்டாள். துக்கமும்தான். பிள்ளைக்காகப் பீடியை எறிந்த மனிதர் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. கோபம் வந்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

பொழுது சாயும் நேரம் ஆம்பிளைகள் மயானத்திலிருந்து திரும்பினார்கள். வீடு கழுவியாயிற்று. மாமாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பகல் முழுக்க வந்தவர்களிடம் சொன்னதையே மாமி இப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள்: எண்ணெய் வைத்து முழுக வார்த்து அந்தப் பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் அவர்தான் என்று. மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் டொக்டருக்குச் சொல்லிவிடலாம். மாமிக்கு எப்படிச் சொல்வது? கஜானி வாயைத் திறந்தாள். "மாமி, அந்த எண்ணெய்..."

"உனக்குத்தான் எடுத்து வச்சிருக்கன்." மாமி போத்தலை அவள் மடியில் வைத்தாள். "இனி நீதான் முழுக வாக்கோணும் புள்ள. மூக்குக்கு விட மறந்திராத. மறுகா, மாமா எங்கயிருந்தாலும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பார்."

தனுஷா நிலோஜனைக் கொண்டுவந்து தந்தாள். நித்திரை. கஜானி அவன் நெஞ்சில் காதை வைத்தாள். அழுத்தமில்லாத, ஒழுங்கான மூச்சு.

"ஓம் மாமி" என்றாள்.

பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி விளக்கருகே குந்தினாள். போத்தலைத் திறந்து விளக்கில் சரித்தாள். நிறுத்தாமல் சரித்துக்கொண்டேயிருந்தாள். எண்ணெய் விளிம்புவரை வந்து நின்றது.

"ஏன் புள்ள இவ்வளவையும் விடுறாய்?" என்றாள் மாமி.

"மாமாக்குத்தானே. எரியட்டும்."

போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தாள். அடியில் ஒட்டியிருந்தது திரண்டு, வாயோரத்தில் தொங்கி, விழுந்தது. இன்னொன்று திரளும்வரை அவள் கையை எடுக்கவில்லை.