டீ நேரத்துப் பத்து நிமிடம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவனின் வலது கையைத் தூக்கி விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். முத்தமிடுகிறாள் என்று நினைத்து நாத்தனார் ஓவென்று அழ, இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரல்களில் சிகரெட் வாசனையும் இல்லை, பட்டறை லேத் மெஷின் எண்ணெய் வாசனையும் இல்லை. நர்ஸ் துடைத்துவிட்ட ஸ்பிரிட் வாசனைதான் இருந்தது.

ஆறு மாதமாகத் தினமும் சாயங்காலம் வாசலிலேயே நடக்கும் சோதனை இது. "போலீஸ் நாய்க்குக்கூடச் சம்பளம் உண்டுடி" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவான். அதற்கு முன் மூன்று தடவை சிகரெட்டை விட்டு, மூன்று தடவையும் மாட்டிக்கொண்டவன். காட்டிக்கொடுத்தது சோப்புதான். வீட்டுக்கு வந்த பிறகே கை கழுவுகிற மனுஷன் சோப்பு மணக்க வந்து நின்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்?

இந்தத் தடவை நம்பினாள். அதனால்தான் காலையில் டாக்டர், "சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்டதும், "விட்டு ஆறு மாசமாச்சு" என்று பட்டென்று சொன்னாள். பக்கத்தில் நின்ற, கணவனோடு வேலை பார்க்கும் வெல்டர் அப்போது தலையைக் குனிந்துகொண்டான். பட்டறையில் விழுந்து கிடந்தவனைத் தூக்கி வந்தவன் அவன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் குனிந்த தலை மட்டும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

செத்துக் கிடக்கிறவனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை. ஒளிந்து ஒளிந்து பிடித்திருந்தால், இந்த ஆறு மாதமும் தினம் தினம் அவளை ஏமாற்றியிருக்கிறான்.

வெளியே வந்தாள். வராந்தாவில் வெல்டர், சுவரில் ஒட்டியிருந்த கண் பரிசோதனை அறிவிப்பை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி."

"அண்ணி, பேப்பர்ல கையெழுத்து வாங்கணும், நான் போய்..."

"இருங்க. டாக்டர் கேட்டப்ப ஏன் தலையக் குனிஞ்சீங்க? திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சாரா? மறைக்காம சொல்லுங்க."

"ஐயோ, சத்தியமா இல்ல அண்ணி. கையால தொடல."

காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. அவன் முகம் மட்டும் தெளியவில்லை.

"அப்புறம் என்ன?"

"டீ நேரத்துல நாங்க எல்லாரும் பின்பக்கம் போய்ப் பிடிப்போம். அண்ணன் வர மாட்டாரு. பார்த்தா ஆசை வந்துடும்னு லேத் பக்கத்துலயே தனியா உக்காந்திருப்பாரு." பார்வை மறுபடி சுவர் அறிவிப்புக்குப் போனது. "இன்னைக்கு நாங்க திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆச்சு. எப்ப விழுந்தாருன்னே தெரியல. கூட ஒருத்தன் இருந்திருந்தா..."

அவர்களோடு போய் நிற்காதீர்கள், உள்ளேயே இருங்கள் என்று சிகரெட்டை விட்ட முதல் நாளே கணவனிடம் சொல்லி அனுப்பியவள் அவள்தான்.

வெல்டரின் கை சட்டைப் பைக்குப் போய், சுட்டதுபோல் திரும்பி வந்தது.

"ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன் அண்ணி."

"தனியா போகாதீங்க. நானும் வரேன்."

வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் அவன் முதுகைக் காட்டி நின்று பற்றவைத்தான். மூன்று குச்சிகள் வீணாயின. காற்று இவள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. புகை முகத்தில் அடித்தபோதும் அவள் தள்ளி நிற்கவில்லை.