வட்டத்தின் நடுப்புள்ளி

நுஸைபாவுக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் பின்புறம், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டவள். செயற்கைக்கோள் இரவில் எடுத்த படங்கள் அவளுடைய கணினிக்கு வரும். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று தானாகவே மங்கலாக ஒளிருமாம். அந்த ஒளியில் அலை தெரிந்தால் கோடு போட வேண்டும். வட்ட அலையென்றால் நடுவில் புள்ளி வைக்க வேண்டும். எல்லாம் மாதக்கணக்கில் பழைய படங்கள்.

அவள் அண்ணன் தப்ரேஸ், தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் சமையல்காரன். போன ஐப்பசியில் ஆறு பேரோடு தோணி காணாமல் போனது. கடல் அமைதியாக இருந்தது, சரக்கைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று முதலாளி புகார் கொடுத்தார். அதன்பிறகு திருடன் வீடு என்று சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அம்மா கமர்ஜஹான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். நுஸைபாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அண்ணன் பேரைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்காதா என்று புகார் நகலை மனப்பாடமாகும்வரை படித்தாள். தோணி கடைசியாகப் பேசிய தேதியும், கடலில் அது நின்ற இடத்தின் எண்களும் அதில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை வந்த படத்தின் ஓரத்தில் அதே தேதி. அதே எண்கள். நடுவே வட்டத்துக்குள் வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு.

மேற்பார்வையாளர் ஜெரோம் பின்னால் வந்து நின்றார். படத்துக்குக் கண்ணு பட்டுரும், புள்ளியை வைம்மா என்று கேலி செய்தார்.

"சார், கடல் அமைதியா இருந்தா இப்படி வட்டம் விழுமா?"

"எப்படி விழும்? கீழ பெரிய இடிமழை பொங்கி மேல முட்டினாத்தான் இம்புட்டுச் சுத்தமா விழும். அடியில எவனும் மாட்டியிருந்தா அம்புட்டுத்தான்."

அண்ணன் விஷயம் அவருக்கு எதுவும் தெரியாது. நுஸைபா புள்ளியை வைத்தாள். அவர் நகர்ந்ததும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.

பேகம்பூர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். போலீசில் காட்டலாம், அண்ணன் திருடனில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

அம்மா கைப்பேசியை வாங்கி அந்த வட்டங்களைப் பார்த்தார்.

"ஓடிப்போனவன் எங்கயாச்சும் ஒரு வாய் சோறு திம்பான்டி. எம்புள்ள திருடனாவே இருந்துட்டுப் போகட்டும். இத அழிச்சிரு."

நுஸைபா படத்தை அழித்து முடிக்கும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.