மாதிரிப் படத்து ஆட்கள்

இணையதளம் வாங்குகிறவர், அதில் ஏற்கெனவே இருக்கும் மாதிரிப் படங்களைப் பதினைந்து நாட்களுக்குள் எடுத்துவிட்டுத் தன் படங்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பதினாறாம் நாள் காலை, படத்தில் இருப்பவர்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். ஒப்பந்தத்தின் ஏழாவது பத்தியில் இது தெளிவாகவே இருக்கிறது. இணையதளம் விற்கும் செண்பகராமன் போனிலும் ஒருமுறை சொல்லிவிடுவார். ஆனாலும் மாதத்தில் இரண்டு பேராவது மறந்துவிடுவார்கள்.

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவருக்கு அலுவலகம். சென்னையிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்றிடம் சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கி, சிறு தொழில்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. அதைப் பலரும் செய்கிறார்கள். செண்பகராமன் தொழிலில் நிலைத்து நின்றது டெம்ப்ளேட்டுகளால். ஓட்டலுக்கும் பல் டாக்டருக்கும் எங்கே போனாலும் டெம்ப்ளேட் கிடைக்கும். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவருக்கும், நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டுகிறவருக்கும், கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டி இறக்குகிறவருக்கும் அவரிடம்தான் கிடைக்கும். சென்னைக்காரர்கள் கொடுக்கிற ஒரே அமைப்பை எடுத்து, நிறத்தையும் எழுத்தையும் தொழிலுக்குத் தக்க மாற்றுவார். படங்கள் மட்டும் சென்னையிலிருந்து வந்தவைதான். வாடிக்கையாளர் யாரையும் அவர் நேரில் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டயபுரத்திலிருந்து மாரிக்கண்ணு கூப்பிட்டார். தராசு பழுது பார்க்கிறவர்.

"அண்ணாச்சி, மூணு பேரு வந்திருக்காக."

"‘எங்கள் குழு’ பக்கத்துல உள்ளவங்களா?"

"அவுகதான். ஒரு பய கையைக் கட்டிட்டு நிக்கான். ஒரு பொம்பளப் பிள்ளை சிரிச்சிக்கிட்டே இருக்கு. கண்ணாடி போட்ட பெரியவரு ஒருத்தரு."

"படத்தை எடுத்திருங்க. அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவாங்க."

"எடுத்திருதேன்" என்றார் மாரிக்கண்ணு. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு பெண் கூப்பிட்டாள். "நான் புஷ்பம் பேசுதேன். தராசுக்கடைக்காரர் வீட்டுல. படத்தை எடுக்கச் சொன்னீகளாமே?"

"ஆமா. அதான் வழக்கம்."

"ரெண்டு நாளா அவுகளுக்குச் சோறு போட்டுருக்கேன் அண்ணாச்சி. படத்தை எடுத்தா நானும் அதே பஸ்ல போயிருவேன்னு அவர்ட்ட சொல்லிட்டேன். உங்கள்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரணும்ல?"

செண்பகராமன் சரி என்றார்.

மாரிக்கண்ணுவின் கட்சி வேறு. அவர் தனியாக, தெருவில் நின்று பேசினார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. "தராசைத் தொடத் தெரியாதவங்க அண்ணாச்சி. அந்தப் பய கட்டுன கையை எடுக்கவே மாட்டேங்கான். புஷ்பம்தான் ஊட்டி விடுதா. வாரவன் எல்லாம் அவனைப் பார்த்து, இவர்தான் முதலாளியான்னு என்ட்ட கேக்கான்."

சிரிக்கிற பெண்ணால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு துட்டி வீட்டுக்குப் புஷ்பத்தோடு போயிருந்தாள். அங்கேயும் அப்படியே நின்றாள். இறந்தவரின் மகன் அவளருகே வந்து, வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் எப்போதும் இடப்பக்கம் சற்று மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொத்தனாரை வரவழைத்து அவர் பார்த்த சுவரைப் பூசினார்கள்.

இருபத்தைந்தாம் தேதி சென்னையிலிருந்து அறிவிப்பு வந்தது. ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு எல்லா டெம்ப்ளேட்டுகளும் புதுப்பிக்கப்படும். பழைய மாதிரிப் படங்கள் நீக்கப்பட்டுப் புதிய படங்கள் வரும். செண்பகராமன் எட்டயபுரத்துக்கு போன் செய்து புஷ்பத்திடம் அதைப் படித்துக் காட்டினார்.

"அப்ப இவுக?"

"போயிருவாங்க."

"புதுசா வருவாகளா?"

"வருவாங்க. இந்தத் தடவை அஞ்சு பேர்."

"எனக்கு இவுக போதும்" என்றாள் புஷ்பம்.

போனை வைத்தபின் செண்பகராமனுக்கு வேலை ஓடவில்லை. சீவாளிக்காரர் பக்கத்தில் நிறத்தை நான்கு தடவை மாற்றினார். கடைசியில் சென்னைக்கு எழுதிக் கேட்டார். மறுநாள் பதில் வந்தது. வாடிக்கையாளர் தானே போட்ட படத்தையும் தானே எழுதிய பெயரையும் புதுப்பிப்பு தொடாது. ஒவ்வொருவருக்கும் படம், பெயர் இரண்டும் மாறியிருக்க வேண்டும்.

முப்பதாம் தேதி அவர் கேமராவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு எட்டயபுரம் பஸ் ஏறினார்.

கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. மேலே கொக்கிகளில் தராசுத் தட்டுகள் தொங்கின. மாரிக்கண்ணு அவரை வாங்க என்று சொல்லிவிட்டு, குனிந்து ஒரு தராசு முள்ளைத் தேய்க்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு நிமிரவில்லை. மூவரும் சுவரோரம், இணையப் பக்கத்தில் இருந்த வரிசையிலேயே நின்றார்கள்.

படம் பிடிக்கும்போது மட்டும் அவர்கள் நிற்கும் விதத்தை மாற்றலாம். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

"கையை இறக்குங்க தம்பி" என்றார் செண்பகராமன்.

இளைஞன் இறக்கினான். அக்குளில் அழுந்திக் கிடந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவன் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

பெரியவர், "நான் எங்கே பார்க்கணும்?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம் ஐயா."

அவர் யோசித்து, மாரிக்கண்ணுவின் கையைப் பார்த்தார்.

"நீங்க சிரிக்க வேண்டாம்மா."

அந்தப் பெண் நம்பாமல் புஷ்பத்தைப் பார்த்தாள். புஷ்பம் தலையாட்டினாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. வேறு யாரோ போன்ற முகம் அதற்குக் கீழே இருந்தது. கேமரா சொடுக்கியதும் அவள் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள். புஷ்பம் பக்கத்தில் நின்றாள். துட்டி வீட்டில் அழ வேண்டியதும் அதில் சேர்த்தி என்று பிறகு சொன்னாள்.

அடுத்து பெயர். மூவருக்கும் அதுவரை ‘உங்கள் பெயர் இங்கே’ என்பதுதான் பெயர். பெரியவருக்குத் தன் அப்பா பெயரை வைக்கப் புஷ்பம் விரும்பினாள். ஆனால் அப்பா சாத்தூரில் உயிரோடு இருக்கிறார், குழப்பம் வரும். அதனால் ரங்கசாமி என்று வைத்தாள். அந்தப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தமயந்தி என்று தானே சொன்னாள்.

"தம்பிக்கு?"

"அவருதான் வைக்கணும்" என்றாள் புஷ்பம், கணவனைப் பார்க்காமல்.

மாரிக்கண்ணு தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும் பக்கத்தைச் சேமிக்க முடியாது. செண்பகராமன் லேப்டாப்பை மடியில் வைத்துக் காத்திருந்தார். உள்ளே குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. பெரியவர் இன்னும் மாரிக்கண்ணுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிக்கண்ணு ஒரு தராசைக் கோத்து முடித்தார். எழுந்து போய் இளைஞன் முன்னால் நீட்டினார். "இதைப் பிடி. ஆட்டாதே."

அவன் இரண்டு கையாலும் பிடித்தான். தட்டுகள் ஏறி இறங்கின. வெகுநேரம் ஆடின. முள் நடுவில் வந்து நிற்கும்வரை மாரிக்கண்ணு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குமரகுருன்னு போட்டுக்கிடுங்க" என்றார்.

புஷ்பம் அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளைக்கென்று ஒன்பது வருஷமாக அந்தப் பெயரை வீட்டில் எடுத்து வைத்திருந்தார்களாம். சாப்பிடும்போது அவள்தான் செண்பகராமனிடம் சொன்னாள். அன்று ஆறு தட்டு போட்டார்கள். குமரகுரு தன் கையால் சாப்பிட்டான். நிறையச் சிந்தினான்.

ஒன்றாம் தேதி பத்து மணிக்குப் புதுப்பிப்பு வந்தது. பத்தேகாலுக்குச் செண்பகராமன் எட்டயபுரத்துக்கு போன் செய்தார்.

"இருக்காக அண்ணாச்சி" என்றாள் புஷ்பம்.

அவர் போனை வைப்பதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. கயத்தாறில் குடை ரிப்பேர் செய்யும் பால்ராஜ்.

"அண்ணாச்சி, ‘தொடர்புக்கு’ பக்கத்துல மேப் இருக்குல்லா, அதுல என் கடை கடலுக்குள்ள காட்டுது."

"நான் போட்டதுல எங்கயாவது ஒரு எண் மாறியிருக்கும். இப்பவே திருத்திருதேன்."

"திருத்துங்க. ஆனா விடிஞ்சதுல இருந்து தெருவுல அலை அடிக்குது."

"உப்பா இருக்கா?"

"நாக்குல வச்சுப் பார்த்தேன். நல்ல உப்பு." பால்ராஜ் கொஞ்சம் தயங்கினார். "அவசரமில்ல அண்ணாச்சி. தெருவே குளிச்சிட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமே."

செண்பகராமன் நாட்காட்டியில் ‘கயத்தாறு, ஐந்தரை மணிக்கு மேல்’ என்று குறித்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டார்.