கண்ணாடியாகும் பெட்டிகள்

புலம்பெயர்ந்து மனுரேவாவில் வசித்த சற்குணம் வாங்கிய பெட்டிகள் யாவும், வேட்டைத் துப்பாக்கியை உள்ளே வைத்த மறுநாளே கண்ணாடியாயின. முதலாவது மெல்லிய பிளாஸ்டிக் பெட்டியாதலால், தரக்குறைவே காரணம் என்று எண்ணினார். அடுத்து வாங்கிய அலுமினியப் பெட்டியும் மீன்தொட்டி போலத் தெளிந்தது. கடைக்காரர் மறுப்பேதுமின்றி அதையும் மாற்றிக்கொண்டு, கார் ஏறினாலும் நசுங்காத, விளிம்பெங்கும் ரப்பர் பட்டி பொருத்திய கரும்பெட்டியொன்றைப் பரிந்துரைத்தார். பூட்டின் உறுதியைப் பற்றிச் சற்குணம் எதுவும் கேட்கவில்லை. உள்ளிருப்பது வெளியே தெரியாதுதானே என்று மட்டும் கேட்டார்.

துப்பாக்கியுடன் கிறைஸ்ட்சேர்ச்சுக்கு வேட்டைக்காக விமானத்தில் போகவிருந்தார். உரிமம் முறையாக இருந்தபடியால் விமான நிலையத்தாருக்கு அவர் அஞ்சவில்லை. அருகிலுள்ள பாபகூராவில் வசித்த தமக்கை தமயந்திக்கே அஞ்சினார். தமக்கையின் கணவரை யாழ்ப்பாணத்தில், வீட்டு வாசற் படலையடியில் வைத்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆகவே சற்குணம் பல ஆண்டுகளாக அவரிடம் வேட்டையை மீன்பிடி என்றும், மான் இறைச்சியை ஆட்டிறைச்சி என்றும் கூறிவந்தார்.

பயணம் போகிறவரின் பெட்டியில் இடம் பிடிப்பது எம்மவர் வழக்கம். கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் புறப்படவிருந்த காலையில், அங்கிருக்கும் தம் மகளுக்கென்று மிளகாய்த்தூள் பொதியுடன் தமயந்தி வந்து நின்றார். கரும்பெட்டி கூடத்தின் நடுவே தெளிந்து கிடந்தது. சற்குணம் அவசரமாகக் குளியல் துவாயொன்றை அதன்மேல் போட்டார், துவாயும் கண்ணாடியாயிற்று.

"இதுதானோ தம்பி உன்ர தூண்டில்?"

சற்குணம் கண்ணாடித் துவாயை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அப்ப நான் சமைச்ச ஆடு?"

"மான், அக்கா."

"ஐயோ, எத்தினை பேருக்குக் குடுத்தனான்!" என்று வாயில் கைவைத்த தமயந்தி, பெட்டியருகே குனிந்து துப்பாக்கியைப் பார்த்தார். "சொல்லியிருந்தா அழுதிருப்பன். அவ்வளவுதானேடா. அதைக்கூட எனக்குத் தராமல் விட்டிட்டாய்."

 திட்டியிருந்தால் சற்குணம் தாங்கியிருப்பார்.

"திற," என்றார் தமக்கை. நுரைப்பஞ்சின் ஒரு மூலையில், துப்பாக்கியில் விரல் படாமல், பொதியைச் செருகினார். பிறகு பெட்டியின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டு விமான நிலையம்வரை வந்தார். வரிசையில் நின்றவர்கள் துப்பாக்கியையும் மிளகாய்த்தூளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சற்குணம் தலை நிமிரவேயில்லை. பெட்டிகளை ஏற்கும் கருமபீடத்திலிருந்த பெண், உடையக்கூடிய பொருள் என்ற ஒட்டுத்தாளைக் கண்ணாடிமேல் ஒட்டி, பெட்டியை உள்ளே அனுப்பிவைத்தார்.